பரிசீலனையில் உள்ள ஒரு சொல்

தென்காசியில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த அறையில் பியூலா டீச்சர் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுத்தார். கரும்பலகை கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் பாடம்.

ஆவுடையப்பன் அந்தப் படிகளில் ஏறி வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. டீச்சருக்கு முப்பத்தெட்டு இருக்கும்.

அவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். முப்பத்திரண்டு வருடங்களாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறவர். அதை முதலிலேயே சொல்லிவிட்டார்.

"பிறகு இங்க எதுக்கு சார்?"

"எழுத வரும். பேச வராது."

"என்ன பேசணும்?"

"வீட்ல பேசுறது. அன்னாடம் பேசுறது."

"யாருகூட?"

ஆவுடையப்பன் ஏறி வந்த படிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு சொன்னார்.

மகன் திருமலை அயர்லாந்தில் வேலை பார்க்கிறான். அங்கேயே நோரா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். இரண்டு வருடங்களுக்கு முன் அவளை முதல்முறையாக ஊருக்கு அழைத்து வந்தான். கிளம்புகிற அன்று காலையில் ஆவுடையப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நோரா வந்து அவர் முன்னால் நின்றாள். உங்களை நான் அப்பா என்று கூப்பிடலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குப் புரிந்தது. ஆனால் அதுவரை எந்தக் கோரிக்கையும் அவரிடம் நேரில் வந்ததில்லை. தபாலில்தான் வரும். வாய் தானாகத் திறந்தது.

"உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு பிழை இல்லை.

நோரா தலையசைத்துவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல. சிரிச்சிருந்தா பரவாயில்ல."

இப்போது போனில் நோரா அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹலோ என்பாள். அதன்பின் ஒரு சிறிய இடைவெளி வரும். அந்த இடத்தில் ஒரு சொல் இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு அவள் மழை பெய்கிறதா என்று கேட்பாள்.

அவர் மறுத்தாரா? மறுக்கவில்லை. சம்மதித்தாரா? அதுவும் இல்லை. அப்படியானால் அன்று அவளிடம் சொன்னது என்ன? இரண்டு வருடமாக ஆவுடையப்பன் இதைத்தான் யோசிக்கிறார். சாப்பிடும்போது யோசிக்கிறார், பஸ்ஸில் யோசிக்கிறார். மகன் தன் விருப்பத்துக்குக் கட்டிக்கொண்டதில் தனக்கு உள்ளூர ஒரு கோபம் இருந்து, அதுதான் அந்த வாக்கியத்தின் பின்னால் ஒளிந்துகொண்டதோ என்றும் யோசிக்கிறார். அவருக்குத் தெரியவில்லை.

"ஆவணியில வர்றாங்க. மூணு மாசம் இருக்கு."

"அவங்ககிட்ட கூப்பிடலாம்னு சொல்லணும். அவ்வளவுதானே சார்? ஒரு நிமிஷ வேலை."

ஆவுடையப்பன் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஏற்கெனவே எழுதி, அடித்து, மூன்று தடவை திருத்தியிருந்தார். டீச்சர் வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதுல யாரு பேசுறாங்கன்னே தெரியலையே சார்."

பிறகு கேட்டார்: "நேத்து என்ன செஞ்சீங்க?"

"நேத்தா?"

"நேத்து உங்க கை என்ன செஞ்சுதோ அதுக்கு மட்டும்தான் நான் வார்த்தை தருவேன். செய்யாத வேலைக்குக் கிடையாது. இங்க அதுதான் பழக்கம்."

ஆவுடையப்பன் தன்னிடம் ஒரு புத்தகம் இருப்பதாகவும் அதில் வீட்டு உபயோகச் சொற்கள் அறுநூறு இருப்பதாகவும், எல்லாம் மனப்பாடம் என்றும் சொன்னார்.

"அப்ப சொல்லுங்க, நேத்து என்ன செஞ்சீங்க?"

"எழுந்தேன். பல் தேய்ச்சேன். குளிச்சேன். சாப்பிட்டேன்."

"தோசை யாரு சுட்டாங்க?"

"வச்சிருந்தது."

"குளிக்க வெந்நீர்?"

"வச்சிருந்தது."

"தட்டு?"

"அதை எடுத்துட்டுப் போயிருவாங்க."

"யாரு?"

"வீட்ல."

டீச்சர் ஒரு நோட்டில் எழுதினார். அன்றைய பாடம் எட்டு வார்த்தைகளில் முடிந்தது. எட்டும் அவருக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரிந்தவை.

எழுந்திருக்கும்போது ஆவுடையப்பன் கேட்டார். "டீச்சர் எந்தக் காலேஜ்?"

"குவைத்துல ஒரு வீடு. பதினோரு வருஷம்."

"அங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீங்களோ?"

"பாத்திரம் தேய்ச்சேன் சார். சக்கர நாற்காலியில ஒரு அம்மா இருந்தாங்க, அவங்களைப் பார்த்துக்கிட்டேன். இங்கிலீஷ்காரங்க."

ஆவுடையப்பன் படியிறங்கினார். கடைசிப் படியில் சற்று நேரம் நின்றார். ஒரு நாள் பேக்கரியில் இந்தப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் அவர் விலாசம் விசாரித்து வந்திருந்தார். அன்று அவள் பேசியதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் சிரித்தாள். ஆங்கிலத்தில் சிரிக்கிற ஒருவரை அவர் முப்பத்திரண்டு வருடத்தில் பார்த்ததில்லை.

மறுநாளும் வந்தார்.

ஆனால் மறுநாளும் எட்டு வார்த்தைகள்தான். அதே எட்டு.

மூன்றாம் நாள் காலையில் அவர் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார். அவர் மனைவி உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, மேலுக்கு முடியலையா?"

"தட்டைக் கழுவப் போறேன்."

"ஏன்? நான் கழுவுனதுல எச்சி கிச்சி இருந்துச்சா?"

"அதெல்லாம் இல்ல."

உலகம்மாள் நகர்ந்து நின்றாள். அவர் குழாயைத் திறந்ததில் வேட்டி நனைந்தது. தேங்காய் நாரைத் தேடி எடுத்துத் தட்டின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். உலகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டாக்டர் எதுவும் சொல்லிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அன்று அவருக்கு மூன்று வார்த்தைகள் கிடைத்தன. தேய்ப்பதற்கு ஒன்று, அலசுவதற்கு ஒன்று, நீர் வடியக் கவிழ்ப்பதற்கு ஒன்று. புத்தகத்தின் அறுநூறில் இவையும் இருந்தன. ஆனால் டீச்சர் சொன்னபோது கையில் ஈரம் இருப்பது போல இருந்தது. அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த வாரம் வாரியலை எடுத்தார். உலகம்மாள் பிடுங்கிக்கொண்டாள்.

"வாசல்ல நின்னு பெருக்காதீங்க. பாக்கிறவங்க என்னைத்தான் பேசுவாங்க."

"அப்ப உள்ள பெருக்குதேன்."

"உள்ள ஏற்கெனவே பெருக்கியாச்சு. இனி நாளைக்குத்தான் குப்பை விழும்."

வீட்டில் எப்போதும் எல்லாம் முடிந்தே கிடந்தது. அவர் கை வைக்க ஒரு வேலையும் மிச்சமில்லை. இத்தனை வருடம் இது அவர் கண்ணில் பட்டதில்லை. ஒரு வார்த்தைக்காக அவர் மனைவியை முந்திக்கொண்டு எழ வேண்டியிருந்தது. ஐந்து மணிக்கு அவர் எழுந்தால் அவள் நாலரைக்கு எழுந்தாள்.

ஒரு நாள் பொறுமை இழந்து டீச்சரிடம் சொன்னார்: "நேத்து இட்லிக்கு மாவு ஆட்டினேன்."

"நல்லது சார். எப்ப நிறுத்துனீங்க?"

"ஏழு மணிக்கு."

"மணியைக் கேட்கல. மாவு போதும்னு எப்படித் தெரிஞ்சுது? விரல்ல எடுத்தா எப்படி இருந்துச்சு?"

ஆவுடையப்பன் தன் விரல்களைப் பார்த்தார்.

டீச்சர் நோட்டை அவர் பக்கம் தள்ளினார். "எழுதுனதை அடிச்சிருங்க. அது உங்க வீட்டம்மாவோட வார்த்தை."

அடித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களில் கோடு போட்டிருக்கிறார். பேனா இவ்வளவு கனத்ததாக ஞாபகம் இல்லை.

அன்று வீட்டுக்குப் போய் உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். நோரா கேட்டதை, தான் சொன்னதை, மாடியில் டீச்சரின் பழக்கத்தை. உலகம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கரைப்பதை நிறுத்தவில்லை.

"அந்தப் பிள்ளை உங்ககிட்ட கேட்டுச்சா? எங்கிட்ட கேட்கவே இல்ல. முதல் நாளே அம்மான்னு கூப்பிட்டுருச்சு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்ல? சாப்பிட வான்னேன்."

பிறகு அவளே ஒரு சட்டியை நகர்த்தி வைத்தாள். "அரிசி களைஞ்சு குடுங்க. களைஞ்ச தண்ணியை முருங்கைக்கு ஊத்துங்க. கீழ கொட்டுனீங்கன்னா தெரியும்."

அப்படித்தான் வார்த்தைகள் வர ஆரம்பித்தன. களைவது, ஊறவைப்பது, தாளிப்பது, ஆற்றுவது, துணி பிழிவது, உதறிக் காயப்போடுவது, மடிப்பது. தாளிப்பதற்குச் சரியான வார்த்தை கிடையாது என்றார் டீச்சர். குவைத் வீட்டில் யாரும் தாளிக்கவில்லை. ஒரு காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கி வழிகிறதற்கு என்ன வார்த்தை என்று யோசித்துக்கொண்டே நின்றதில் பால் பொங்கி வழிந்தது. கையைச் சுட்டுக்கொண்டார். அன்று இரண்டு வார்த்தைகள்.

ஆடி முடியும்போது நோட்டில் எழுபத்தாறு இருந்தன.

கடைசிப் பாடத்தன்று ஆவுடையப்பன் கேட்டார். "நாளைக்கு வர்றாங்க டீச்சர். இப்பவாவது அந்த வாக்கியத்தைக் குடுங்க."

"அந்த வேலையை நேத்து செஞ்சீங்களா?"

"எந்த வேலையை?"

டீச்சர் நோட்டை மூடி அவரிடம் கொடுத்தார். ஆவுடையப்பன் பழைய சீட்டையே பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நோரா வந்தாள். ஹலோ என்றாள். அதன்பின் அந்த இடைவெளி வந்தது. போனில் இருந்ததைவிட நேரில் அது நீளமாக இருந்தது. இடைவெளியின் அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். இந்தப் பக்கம் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் டம்ளர்களைத் தேய்க்கும்போது நோரா வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு துணியை எடுத்தாள். அவர் தேய்த்ததை அவள் துடைத்தாள். அவர் தான் செய்வதை ஆங்கிலத்தில் சொன்னார். அவள் அதற்குத் தமிழ் கேட்டாள். தேய். அலசு. கவிழ். ஒவ்வொன்றையும் செய்துகொண்டே சொன்னாள். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை போலும்.

திருமலை எட்டிப் பார்த்தான். "என்னப்பா, நீங்களா?" என்றான்.

"போடா, போய் குளி," என்றாள் உலகம்மாள். "அவங்க ரெண்டு பேரும் படிக்காங்க."

நாலு நாளில் நோராவிடம் நாற்பது தமிழ் வார்த்தைகள் சேர்ந்தன. எல்லாம் அடுப்படியில் கிடைத்தவை. அவர் நோட்டும் பெருத்தது. ஆனால் அவள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது? சீட்டு பையிலேயே வியர்வையில் நனைந்து காய்ந்தது.

ஐந்தாம் நாள் காலை. உலகம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். திருமலை மாடியில் போனில் இருந்தான். ஆவுடையப்பன் பின்கட்டில் அரிசி களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்பில் பால். நோரா அடுப்புப் பக்கத்தில் நின்றாள்.

"என்னங்க," என்று ஒரு குரல் கேட்டது. "என்னங்க, பால்."

கை தன்னால் சட்டியைக் கீழே வைத்தது. கால் உள்ளே ஓடியது. அடுப்பை அணைத்தார். பால் விளிம்புவரை வந்து இறங்கியது. அதன்பிறகுதான் கூப்பிட்டது யார் என்பது அவருக்கு உறைத்தது.

நோரா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தோம் என்ற முகம். அந்த வீட்டில் இவரை எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை உலகம்மாள் கூப்பிடுவதைக் கேட்டிருந்தாள். அப்படிக் கூப்பிட்டால் இவர் வருகிறார். அதையும் பார்த்திருந்தாள்.

வாசலில் ஒரு சத்தம். கோயிலிலிருந்து திரும்பிய உலகம்மாள் பூக்கூடையோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏட்டி, நீயுமா?" என்றாள் நோராவைப் பார்த்து. "எனக்கு ஒருத்தி போட்டிக்கு வந்துட்டாளே."

நோரா அவரைப் பார்த்தாள். தவறா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆவுடையப்பன் சட்டைப்பை இருக்கும் இடத்தைத் தொட்டார். பனியனோடு நின்றார், பை இல்லை. நோட்டில் இருந்த அத்தனை வார்த்தைகளையும் தேடினார். தேய்ப்பது வந்தது, பிழிவது வந்தது. வேண்டியது வரவில்லை.

"அது இல்ல," என்றார் தமிழில். பிறகு ஆங்கிலத்தில், "அது இல்லை." பிறகு எதில் என்று தெரியாமல், "அப்பா."

நோரா அசையாமல் நின்றாள். அடுப்பின் மேல் பால் ஏடு கட்டத் தொடங்கியிருந்தது.

"பரிசீலனை முடிந்துவிட்டதா?" என்று கேட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் சொன்ன அதே ஆங்கிலச் சொல். அவள் அதை மறக்கவில்லை. அவ்வளவு தூரம் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்திருந்தாள்.

அவர் வாய் தானாகத் திறந்தது.

"உடனடியாக அமலுக்கு வருகிறது," என்றார். சுத்தமான ஆங்கிலம். ஒரு பிழை இல்லை.

இந்தத் தடவை அவள் சிரித்தாள்.

மீதி நாட்களில் அவள் அவரை என்னங்க அப்பா என்று கூப்பிட்டாள். திருத்த வேண்டும் என்று ஆவுடையப்பன் நினைத்தார். கெடக்கட்டும் என்றாள் உலகம்மாள்.

அவர்கள் போன மூன்றாம் நாள் ஆவுடையப்பன் மாடிப்படி ஏறினார். நடந்ததை வரிசையாகச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம் டீச்சர்."

"சொல்லுங்க சார்."

"மூணு மாசம் தட்டு கழுவினேன். துணி பிழிஞ்சேன். கையைச் சுட்டுக்கிட்டேன். அந்த நேரத்துல அதுல ஒண்ணுகூட வரல. பழைய ஆபீஸ் வார்த்தைதான் வந்துச்சு. முன்னாடி கெடுத்ததும் அதுதான். இப்ப சரி பண்ணினதும் அதுதான். அப்படின்னா இவ்வளவும் எதுக்கு?"

டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே."

"நேத்து காலையில என்ன செஞ்சீங்க சார்?"

ஆவுடையப்பன் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னார். "பால் காய்ச்சினேன். டிகாஷன் இறக்கினேன். டம்ளர் எடுத்து வச்சேன்."

"எல்லாம் நோட்டுல இருக்கு. டம்ளர் எத்தனை?"

"நாலு."

டீச்சரின் பேனா நின்றது. "வீட்ல எத்தனை பேர்?"

ஆவுடையப்பன் மேசையைப் பார்த்தார். கீழே தையல் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"ரெண்டு பேர்."

"பிறகு?"

"ரெண்டைத் திரும்ப அலமாரியில வைக்கப் போனேன். வைக்கல. கையில வச்சிக்கிட்டே நின்னேன். அவ வந்து வாங்கி உள்ள வச்சா." சற்று நிறுத்தினார். "அதுக்கு என்ன வார்த்தை டீச்சர்?"

பியூலா டீச்சர் பேனாவை மூடினார். பிறகு திறந்தார்.

"எனக்குத் தெரியாது சார். குவைத்துலேருந்து வந்த புதுசுல, சாயங்காலம் அஞ்சு மணியானா அந்தச் சக்கர நாற்காலி அம்மாவுக்கு மாத்திரை எடுக்கன்னு நான் எந்திரிச்சிருவேன். எங்க வீட்ல மாத்திரையே கிடையாது. ஒரு வரியை வெறுமனே விட்டுட்டு எழுதுங்க. சொல்லுங்க, அதுக்குப் பிறகு என்ன செஞ்சீங்க?"